மானோ: ஸ்பானிய மொழியின் 'கை' குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்குபவர்கள் உடலுறுப்புகளின் பெயர்களைப் படிக்கும்போதே 'மானோ' என்ற சொல்லைச் சந்தித்து, 'கை' என்று எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒற்றை வரி விளக்கம் போதாது என்பது, செய்தித்தாளையோ சமையல் குறிப்பையோ படிக்கத் தொடங்கும்போதுதான் தெரிய வருகிறது. தமிழ் பேசுபவர்களுக்கு இந்தச் சொல்லில் ஒரு பெரிய வசதியும் ஒரு பெரிய இடறலும் உண்டு. இரண்டுக்கும் காரணம் நம்முடைய 'கை' என்ற சொல்தான். கீழே உள்ள கேள்விகள் கற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை. ஸ்பானியச் சொற்கள் அனைத்தும் ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

இந்தச் சொல்லை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

எமெ, ஆ, எனெ, ஓ என்று நான்கே எழுத்துகள். அழுத்தம் முதல் அசையில் விழும். 'னோ' என்பதை ஆங்கிலச் சொல்லைப் போல இழுத்து வளைக்காமல், தமிழில் 'அவனோ, இவனோ' என்று சொல்லும்போது வருவதுபோலத் தெளிவாக முடிக்க வேண்டும். எனெ என்ற எழுத்தின் மீது அலைக்குறி இட்டால் அது ஞகர ஒலியாகிச் சொல்லே வேறாகிவிடும்: 'மாஞோ' என்பது ஸ்பெயினின் அரகோன் பகுதியைச் சேர்ந்தவரைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். னகரத்தையும் ஞகரத்தையும் பிறவியிலேயே பிரித்தறியும் நமக்கு இதில் சிரமம் இல்லை.

உடலில் மானோ என்பது எந்தப் பகுதி?

மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை மட்டுமே. தமிழில் 'கை' என்பது தோளிலிருந்து தொடங்கி விரல்நுனி வரை முழுவதையும் குறிக்கும். தேவைப்பட்டால்தான் உள்ளங்கை, புறங்கை, முழங்கை, மேல்கை என்று பிரிக்கிறோம். ஸ்பானிய மொழியோ மணிக்கட்டில் கறாராகக் கோடு கிழித்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது மானோ; அதற்கு மேலே தோள்வரை இருப்பது 'பிராசோ'. (ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'பிராத்தோ' என்று ஒலிப்பார்கள்.) மணிக்கட்டுக்கு 'முஞேக்கா' என்றும், முழங்கைக்கு 'கோதோ' என்றும் தனிப்பெயர்கள் உண்டு.

தமிழர்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான். மிதிவண்டியிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்த ஒருவர், 'கை ஒடிந்துவிட்டது' என்று தமிழில் நினைத்து 'மே ரொம்பீ லா மானோ' என்று சொன்னால், கேட்கும் மருத்துவர் விரல்களையும் உள்ளங்கையையும்தான் முதலில் பார்ப்பார். அவர் சொல்லியிருக்க வேண்டியது 'மே ரொம்பீ எல் பிராசோ'. தடுப்பூசி போட்டுக்கொள்வதும் பிராசோவில்தான். 'கை நிறைய வளையல்' என்பதை ஸ்பானிய மொழியில் சொல்ல நேர்ந்தாலும், மானோவை எடுக்காமல் பிராசோவை எடுக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதும்கூட அவர்களுக்குப் பிராசோவின் வேலைதான்: 'கெதார்சே தே பிராசோஸ் குருசாதோஸ்' என்பார்கள்.

ஓகாரத்தில் முடியும் சொல் எப்படிப் பெண்பால் ஆனது?

ஓகாரத்தில் முடிந்தால் ஆண்பால், ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்று முதல் பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் விதிக்கு மானோ அடங்குவதில்லை. 'லா மானோ', 'லாஸ் மானோஸ்' என்பவையே சரி. உடன் வரும் பெயரடையும் பெண்பாலாகவே இருக்க வேண்டும்: வலக்கை 'லா மானோ தெரேச்சா', இடக்கை 'லா மானோ இஸ்கியெர்தா'. 'எல் மானோ தெரேச்சோ' என்பது இரண்டு இடத்தில் பிழை.

காரணம் இலத்தீனில் இருக்கிறது. மூலச்சொல் 'மானுஸ்'. இலத்தீனில் 'உஸ்' என்று முடியும் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை ஆண்பால். அவையே ஸ்பானிய மொழியில் ஓகார ஈற்று ஆண்பாற் சொற்களாக வந்து சேர்ந்தன. மானுஸ் அவற்றைப் போல முடிந்தாலும் வேறொரு திரிபு வகுப்பைச் சேர்ந்தது. அங்கேயே அது பெண்பால். ஈறு மற்றவற்றோடு சேர்ந்து மாறியது, பால் மட்டும் மாறவில்லை. இத்தாலிய மொழியில் லா மானோ, பிரெஞ்சில் லா மேன் என்று உறவு மொழிகளிலும் அது பெண்பாலாகவே நிற்கிறது.

'லா ஃபோத்தோ', 'லா மோத்தோ' ஆகியவற்றை இதனோடு சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அவை வேறு வகை. ஃபோத்தோகிராஃபீயா, மோத்தோசிக்லேத்தா என்ற நீண்ட பெண்பாற் சொற்களின் சுருக்கங்கள் அவை. மானோ யாருடைய சுருக்கமும் அல்ல.

'சின்னக் கை' என்று செல்லமாகச் சொல்ல மனீத்தாவா, மனீத்தோவா?

இரண்டும் சரி, நாடு மாறுகிறது, அவ்வளவுதான். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் 'லா மனீத்தா'. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'லா மனீத்தோ'. பின்னதில் ஓகாரம் நின்றாலும் சுட்டுச்சொல் 'லா'தான் என்பதைக் கவனிக்கவும். ஸ்பெயினில் 'மனீத்தாஸ்' என்று பன்மையில் ஒருவரைச் சொன்னால், வீட்டில் உடைந்த எதையும் தானே சரிசெய்துவிடும் கைத்திறன் உள்ளவர் என்று பொருள். அவர் ஆணாக இருந்தால் 'உன் மனீத்தாஸ்'. எதைத் தொட்டாலும் உடைப்பவருக்கு 'மனாசாஸ்' என்று பெயர்.

'என் கையைக் கழுவினேன்' என்பதில் 'என்' எங்கே போகிறது?

ஸ்பானிய மொழி அங்கே உடைமைச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. 'மே லாபோ லாஸ் மானோஸ்' என்பார்கள்: சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு அந்தக் கைகளைக் கழுவுகிறேன்'. யாருடைய கை என்பதை 'மே' காட்டிவிடுகிறது. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பவர்கள் 'மிஸ் மானோஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்குப் புரியும், ஆனால் செயற்கையாக ஒலிக்கும். தமிழிலிருந்து நேராக வருபவர்களுக்கு இது எளிது. நாமும் 'கை கழுவினேன்' என்றுதான் சொல்கிறோம், 'என் கைகளைக் கழுவினேன்' என்று சொல்வதில்லை. 'கை வலிக்கிறது' என்பதும் அப்படியே: 'மே துவேலே லா மானோ'. நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று தொடங்கும் நம் வாக்கிய அமைப்பு இங்கே கைகொடுக்கும்.

வகுப்பில் எல்லோரையும் கை தூக்கச் சொல்லும்போது ஒருமையா, பன்மையா?

ஒருமை. 'லெபாந்தென் லா மானோ' என்றால் ஒவ்வொருவரும் ஒரு கையைத் தூக்குங்கள் என்று பொருள். நாற்பது பேர் இருந்தாலும் ஒருமைதான். பன்மையாக்கினால் ஒவ்வொருவரும் இரண்டு கைகளையும் தூக்க வேண்டியிருக்கும். 'அர்ரீபா லாஸ் மானோஸ்' என்று கொள்ளையனோ காவலரோ மிரட்டும்போது வருவது அந்தப் பன்மை.

விலங்குகளுக்கும் மானோ உண்டா?

உண்டு. நாலுகால் விலங்குகளின் முன்னங்கால்கள் மானோக்கள். குதிரை வளர்ப்பவர்கள் முன்னங்கால்களை மானோஸ் என்றும் பின்னங்கால்களைப் பாத்தாஸ் என்றும் பிரித்தே பேசுவார்கள். குதிரை பின்னங்கால்களில் எழுந்து நிற்பதை 'போனெர்சே தே மானோஸ்' என்பார்கள். இறைச்சிக் கடையில் இந்தப் பிரிவினை மறைந்துவிடும். வெட்டி எடுத்த நான்கு கால்களுமே அங்கே மானோஸ்தான். ஸ்பெயினின் உணவகங்களில் 'மனீத்தாஸ் தே செர்தோ' என்று எழுதியிருந்தால் அது பன்றிக்கால் சமையல்.

யானையின் தும்பிக்கைக்கும் ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதி மானோ என்று ஒரு பொருள் தருகிறது. இன்று அன்றாடப் பேச்சில் 'துரோம்பா' என்றுதான் சொல்வார்கள். மானோ பழைய வழக்கு. ஆனால் 'தும்பிக்கை' என்ற சொல்லுக்குள்ளேயே கையை வைத்திருப்பவர்களுக்கு, யானையைக் 'கைம்மா' என்று அழைத்த சங்கப் புலவர்களின் மொழியில் வளர்ந்தவர்களுக்கு, இந்தப் பழைய பொருளை விளக்க வேண்டிய தேவையே இல்லை. உரோமானியர்களும் யானைக்குக் கை இருப்பதாகத்தான் எழுதினார்கள்.

பொருள்களுக்கும் இந்தப் பெயர் வருமா?

மெக்சிகோவின் சமையலறையிலிருந்து தொடங்கலாம். அங்கே 'மெத்தாத்தே' என்று ஒரு கல் உண்டு. எரிமலைக் கல்லில் செதுக்கி, மூன்று குட்டையான கால்களின் மீது சற்றே சாய்வாக நிற்கும் அரைகல் அது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அதன்மேல் வைத்து, முழந்தாளிட்டு அமர்ந்து, இரு கைகளாலும் ஒரு நீண்ட கல்லை முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். அந்த நீண்ட கல்லுக்கு 'லா மானோ' என்று பெயர். மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாத்திலிலிருந்து வந்த 'மெத்லாபீல்' என்ற பெயரும் உண்டு. அம்மியும் குழவியும் தெரிந்தவருக்கு 'லா மானோ தெல் மெத்தாத்தே' என்பதை மொழிபெயர்க்க ஒரு கணமும் ஆகாது: குழவி. பொதுவாக உரலில் இடிக்கும் உலக்கைக்கும் 'மானோ தே மோர்த்தேரோ' என்ற பெயர் வரும். ஆனால் மெக்சிகோவில் காரச் சட்னி அரைக்கும் கிண்ண வடிவக் கல்லான மோல்காஹேத்தேவின் இடிகல்லை மட்டும் 'தெஹோலோத்தே' என்பார்கள்.

அடுத்து வாழைப்பழம். உலகிலேயே அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடான எக்வடோரின் தோட்டங்களில், வாழைத்தார் 'ராசீமோ', அதில் உள்ள ஒவ்வொரு சீப்பும் 'மானோ', சீப்பிலுள்ள ஒவ்வொரு பழமும் 'தேதோ', அதாவது விரல். நாம் சீப்பின் பற்களைப் பார்த்த இடத்தில் அவர்கள் கையின் விரல்களைப் பார்த்திருக்கிறார்கள்.

சுவருக்கு அடிக்கும் வண்ணத்தின் ஒரு பூச்சும் ஒரு மானோ: 'தோஸ் மானோஸ் தே பிந்தூரா' என்றால் இரண்டு கோட்டு பெயிண்ட். சீட்டாட்டத்தில் ஒரு சுற்று ஒரு மானோ. முதலில் ஆடும் உரிமை பெற்றவரும் மானோ. ஸ்பெயினின் 'மூஸ்' ஆட்டத்தில் இருவர் கையிலும் சம மதிப்புள்ள சீட்டுகள் இருந்தால், மானோவாக இருப்பவருக்கோ அவருக்கு அடுத்த வரிசையில் முந்தி இருப்பவருக்கோ வெற்றி போகும் என்பதால், அந்த இடத்திற்கு நிஜமான மதிப்பு உண்டு. தாள் வணிகத்தில் ஒரு ரீமின் இருபதில் ஒரு பங்குக்கும் இந்தப் பெயர் இருந்தது. இன்று அதை அகராதியில்தான் பார்க்க முடியும்.

கடிகாரத்தின் முள்ளுக்கு மட்டும் மானோ என்று சொல்லக் கூடாது. அது 'மனெசீயா' அல்லது 'அகூஹா'. ஆங்கிலத்தில் அதைக் 'கை' என்பதால் வரும் குழப்பம் இது.

'ஆ மானோ' என்று பார்க்கும் இடமெல்லாம் ஒரே பொருளா?

இல்லை. சூழலைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். துணிக்கடையில் 'எச்சோ ஆ மானோ' என்றிருந்தால் கையால் செய்தது. 'லோ தெங்கோ ஆ மானோ' என்றால் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். லத்தீன் அமெரிக்காவில் ஒருவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு 'எஸ்தாமோஸ் ஆ மானோ' என்றால், இனி உனக்கும் எனக்கும் கணக்கு தீர்ந்தது என்று பொருள். ஸ்பெயினில் அதே இடத்தில் 'எஸ்தாமோஸ் என் பாஸ்' என்பது வழக்கம். 'ஆ மானோ தெரேச்சா' என்பது வழி சொல்லும்போது வருவது: வலதுகைப் பக்கம். 'ரோபோ ஆ மானோ அர்மாதா' என்பது செய்தித்தாளில் வரும் ஆயுதமேந்திய கொள்ளை.

'தே அந்தேமானோ' என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 'முன்கூட்டியே' என்று பொருள்படும் அது, கடிதங்களின் இறுதியில் 'கிராசியாஸ் தே அந்தேமானோ' என்று வரும்.

தமிழ் மரபுத்தொடர்களோடு பொருந்திப் போகும் தொடர்கள் எவை?

இந்தப் பகுதியை நான் கூடுதலாக விரும்புகிறேன். ஏனெனில் ஆங்கிலத்தின் வழியே சுற்றிக்கொண்டு வராமல் தமிழிலிருந்து நேரே ஸ்பானிய மொழிக்குள் நுழையக்கூடிய வாசல்கள் இங்கேதான் அதிகம்.

ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தால் 'கொன் லாஸ் மானோஸ் என் லா மாசா' பிடித்ததாகச் சொல்வார்கள்; பிசைந்த மாவுக்குள் கை இருக்கும்போதே அகப்பட்டுக்கொண்டார் என்பது அதன் காட்சி. கைகண்ட மருந்துக்கு ஸ்பெயினில் 'மானோ தே சாந்தோ', பல அமெரிக்க நாடுகளில் 'மானோ சாந்தா'. நட்டதெல்லாம் துளிர்க்கும் கைராசிக்காரரைப் பற்றி 'தியேனே புவேனா மானோ பாரா லாஸ் பிளாந்தாஸ்' என்பார்கள். சமையலில் கைப்பக்குவம் உள்ளவருக்கும் இதே 'புவேனா மானோ' பொருந்தும். கையூட்டுக் கொடுப்பது 'உந்தார் லா மானோ', அதாவது கையில் எண்ணெய் தடவுவது. நம்பிக்கைக்குரிய உதவியாளர் 'மானோ தெரேச்சா', நம்மிடம் வலதுகை. ஒருவருடைய நேர்மைக்கு உறுதி கூறும்போது நம் ஊரில் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். ஸ்பானியர் 'போங்கோ லா மானோ என் எல் ஃபுவேகோ போர் எல்' என்று, அவருக்காக நெருப்பில் கை வைப்பதாகச் சொல்வார்கள்.

பெண் கேட்கப் போவது 'பெதீர் லா மானோ'. கையைக் கேட்பது என்று அவர்கள் சொல்வதும், நாம் திருமணத்தைக் கைப்பிடித்தல் என்று சொல்வதும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே சடங்கில் சேர்கின்றன.

ஒரு தொடரை மட்டும் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் ஸ்பானிய மொழி பேசுபவர் 'சே மே ஃபுவே லா மானோ கொன் லா சால்' என்பார். 'சே ஃபுவே' என்றால் 'போய்விட்டது'. நடுவில் வரும் 'மே' என்பது 'எனக்கு'. கை தன் போக்கில் போய்விட்டது, அது எனக்கு நேர்ந்துவிட்டது என்று வாக்கியம் அமைகிறது. 'நான் உப்பைக் கூட்டினேன்' என்று எழுவாயாக யாரும் முன்வந்து நிற்பதில்லை. தமிழில் 'உப்பில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது' என்று சொல்லும்போது நாமும் கையைத்தான் எழுவாயாக்குகிறோம். ஸ்பானிய இலக்கணப் புத்தகங்கள் தற்செயல் நிகழ்வைக் குறிக்கும் 'சே' என்று பல பக்கங்களில் விளக்கும் அமைப்பை, இந்த ஒரு வாக்கியத்தைச் சமையலறையில் நாலு முறை சொல்லிப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம்.

ஒத்திருப்பதுபோல் தோன்றி ஏமாற்றும் தொடர்கள் எவை?

முதலாவது கை கழுவுதல். தமிழில் ஒருவரைக் கைகழுவிவிட்டார் என்றால் அவரைக் கைவிட்டுவிட்டார் என்று பொருள். ஸ்பானிய மொழியில் 'லாபார்சே லாஸ் மானோஸ்' என்று உருவகமாகச் சொன்னால், நடந்ததற்கு நான் பொறுப்பல்ல என்று விலகிக்கொள்வது. மத்தேயு நற்செய்தியில், இயேசுவை விசாரித்த உரோமானிய ஆளுநர் பிலாத்து கூட்டத்தின் முன் தண்ணீர் எடுத்துக் கைகழுவிய காட்சியிலிருந்து வந்தது. நண்பரைக் கைவிட்டதைச் சொல்ல இந்தத் தொடரைப் பயன்படுத்தினால், அவர் செய்த குற்றம் ஒன்றிலிருந்து நாம் விலகிக்கொண்டதாகப் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது இடக்கை. 'தெனேர் மானோ இஸ்கியெர்தா' என்பது பாராட்டு. சிக்கலான மனிதர்களையும் சூழல்களையும் நயமாகக் கையாளத் தெரிந்தவர் என்று பொருள். இடக்கையைக் குறைவாகப் பார்க்கும் பழக்கத்திலிருந்து வருபவர் அதை வசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது 'மானோ ஆ மானோ'. ஆங்கில வழியாகப் பலர் இதை 'ஆளுக்கு ஆள்' என்று நினைக்கிறார்கள். மானோ என்பது கைதான், மனிதன் அல்ல. மூவருக்குப் பதிலாக இரண்டு மத்தாதோர்கள் (காளையை எதிர்கொள்ளும் வீரர்கள்) மட்டும் நேருக்கு நேர் போட்டியிடும் காளைப்போருக்கு இந்தப் பெயர் உண்டு. இருவர் தனித்து அமர்ந்து பேசுவதற்கும் சேர்ந்து வேலை செய்வதற்கும் இது வரும். சண்டை கட்டாயமில்லை.

செய்தித்தாள்களில் வரும் 'மானோ தே ஓப்ரா', 'மானோ தூரா' என்பவை என்ன?

'மானோ தே ஓப்ரா' என்பது உழைப்பாளர் திரள்; எப்போதும் ஒருமையில் வரும். பழுதுபார்க்கும் கடையின் ரசீதில் இருந்தால் அது வேலைக்கூலி. 'மானோஸ் ஆ லா ஓப்ரா' என்று மாற்றிச் சொன்னால் 'வேலையைத் தொடங்குவோம்' என்ற அழைப்பு.

'மானோ தூரா', கடினமான கை, என்பது குற்றங்களைக் கடும் நடவடிக்கையால் ஒடுக்கும் அரசியல் கொள்கையின் பெயர். எல் சல்வடோரில் 2003ஆம் ஆண்டு பிரான்சிஸ்கோ ஃபுளோரெஸ் அரசு, கும்பல்களுக்கு எதிராக 'பிளான் மானோ தூரா' என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை அறிவித்தது. அடுத்து வந்த அந்தோனியோ சாக்கா அரசு 2004இல் அதைச் 'சூப்பெர் மானோ தூரா' ஆக்கியது. நம் செய்தியாளர்கள் 'இரும்புக்கரம்' என்று எழுதும் இடத்தில் இதைப் பொருத்திக்கொள்ளலாம்.

கால்பந்தில் 'மானோ' என்று கத்துகிறார்களே?

பந்து கையில் பட்டுவிட்டது என்று நடுவரிடம் முறையிடுகிறார்கள். மணிக்கட்டில் கிழித்த கோடு மைதானத்தில் செல்லாது: விதிகளின்படி அக்குளின் அடிப்பகுதிக்கு நேரான இடம்வரை கையாகவே கணக்கிடப்படுவதால், பிராசோவில் பட்டாலும் 'மானோ'தான். ஸ்பானிய மொழியில் தமிழ்க் கையின் அளவுக்கு மானோ நீளும் இடம் இது ஒன்று.

1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரின் அஸ்தேக்கா அரங்கில், உலகக்கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினா வீரர் தியேகோ மரதோனா கையால் தட்டி அடித்த கோல் 'லா மானோ தே தியோஸ்', கடவுளின் கை, என்று நிலைத்துவிட்டது. அர்ஜென்டினா 2-1 என வென்றது.

எந்த நாட்டில் எதைத் தவிர்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம்?

உதவி கேட்கும்போது ஸ்பெயினில் 'எச்சார் ஊனா மானோ', அர்ஜென்டினாவில் 'தார் ஊனா மானோ', மெக்சிகோவில் 'எச்சார் லா மானோ'. மூன்றும் எங்கும் புரியும். அர்ஜென்டினாவில் சாலைப் போக்குவரத்தின் திசையும் மானோ ஆகும்: 'தோப்லே மானோ' என்றால் இருவழிச் சாலை, 'ஆ கோந்த்ராமானோ' என்றால் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது.

கவனமாகக் கையாள வேண்டியது 'மெத்தேர் மானோ'. ஒரு வேலையைக் கையில் எடுப்பதற்கும் இது வரும் என்றாலும், பின்னால் ஒரு மனிதர் செயப்படுபொருளாக வந்தால், அவர் உடலைத் தகாத முறையில் தொடுவது என்றுதான் பொருள். 'உங்கள் விஷயத்தில் நானும் கை கொடுக்கிறேன்' என்று சொல்ல நினைப்பவர் இதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, மெக்சிகோவில் ஒருவர் 'கே பாசோ, மானோ?' என்று கேட்டால் அங்கே கைக்கு வேலையில்லை. அது 'எர்மானோ', சகோதரன், என்ற சொல்லின் வால்பகுதி. தோழியிடம் பேசும்போது அது 'மானா' ஆகிவிடும். கையைக் குறிக்கும் மானோவோ எவரிடம் பேசினாலும் மாறாது. நெருங்கிப் பழகிய பிறகு மட்டும் சொல்ல வேண்டிய விளி அது. புதியவரிடம் சொன்னால் மரியாதைக் குறைவாகத் தோன்றும்.